டைனமோவைச் சோதிக்காமல் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: டைனமோ (எஞ்சினால் சுற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பழைய வகை ஜெனரேட்டர்) தருகிற வோல்டேஜைக் கட்டுப்படுத்தும், பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய கட்-அவுட் பெட்டியைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடலாமா? தாராளமாகப் போடலாம். தேய்கிற, கருகுகிற பாயிண்ட் கிடையாது, ஸ்பிரிங் அட்ஜஸ்ட் செய்ய வேண்டாம், வோல்டேஜ் ஒரே சீராக நிற்கும். ஆனால் வேலைக்கு வருகிற வண்டிகளில் நான் பார்ப்பது வேறு. சார்ஜ் ஏறவில்லை என்றதும் குற்றத்தைப் பெட்டியின் மேல் போட்டு, புதிதாக வாங்கி மாட்டி, அதையும் எரித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

முதலில் டைனமோவைப் பாருங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் கம்பெனி) வகை என்றால் டி (டைனமோ அவுட்புட்), எஃப் (ஃபீல்டு) இரண்டு வயர்களையும் டைனமோவிலிருந்து கழற்றி, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வையுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து மெதுவாக வேகம் கூட்டினால் சுமார் 1000 ஆர்பிஎம்முக்குள் 20 வோல்ட் வரை ஏற வேண்டும், அதற்கு மேல் முடுக்காதீர்கள். ஒரு வோல்ட்டோடு நின்றால் பெரும்பாலும் கோளாறு ஃபீல்டு காயிலில் (காந்தப்புலம் தருகிற சுருள்). 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரை (உள்ளே சுற்றும் பாகம்) சந்தேகியுங்கள். இந்த இரண்டையும் எந்த ரெகுலேட்டராலும் சரிசெய்ய முடியாது. கம்யூட்டேட்டரையும் (ஆர்மேச்சர் முனையில் பிரஷ் உரசும் செம்பு வளையம்) கார்பன் பிரஷ்ஷையும் அப்போதே சுத்தம் செய்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே தீப்பொறி பறந்தால் வருகிற வோல்டேஜ் துள்ளலைப் பழைய பெட்டி தாங்கிக்கொள்ளும், எலக்ட்ரானிக் பெட்டி எல்லா நேரமும் தாங்காது.

அடுத்தது எர்த். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பழைய பெட்டி எப்படி மாட்டினாலும் வேலை செய்யும், எலக்ட்ரானிக்கைத் தலைகீழாகக் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். வண்டியை இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம், அதனால் புத்தகத்தை நம்பாமல் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். ஃபீல்டு வயரிங்கும் எல்லா டைனமோவிலும் ஒன்றல்ல: லூகாஸில் ஃபீல்டின் ஒரு முனை உள்ளேயே எர்த், ரெகுலேட்டர் மறுமுனைக்குச் சப்ளை தருகிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் வந்த பாஷ் டைனமோவில் ரெகுலேட்டர் ஃபீல்டை எர்த் செய்கிறது. மேலே சொன்ன சோதனையும் அங்கே மாறும். உங்கள் டைனமோவுக்கென்று சொல்லி விற்கிற ரெகுலேட்டரைத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, விலை குறைவு என்று ஆல்டர்னேட்டர் (பிற்காலக் கார்களில் டைனமோவுக்குப் பதிலாக வந்தது) ரெகுலேட்டரை டைனமோவுக்கு மாட்டுவது. ஆல்டர்னேட்டர் தன் ஆம்பியரைத் தானே ஓரளவுக்கு மேல் போகவிடாது, பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி ஓடுவதையும் அதிலுள்ள டயோடுகளே தடுத்துவிடும், அதனால் அதன் ரெகுலேட்டருக்கு வோல்டேஜைக் கவனித்தால் போதும். டைனமோவுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. இறங்கிப்போன பேட்டரி கேட்கிற அளவுக்குக் கொடுத்துக்கொண்டே போய், ஆர்மேச்சர் சூடாகி, கம்யூட்டேட்டர் சால்டர் உருகித் தெறிக்கும். எஞ்சினை நிறுத்தினாலோ பேட்டரி டைனமோவையே மோட்டாராக்கப் பார்க்கும். ஆகவே ரெகுலேட்டரில் கரண்ட் லிமிட்டும் கட்-அவுட் வேலையை (கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பது) செய்கிற டயோடும் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். லிமிட் எத்தனை ஆம்பியர் என்பதும் முக்கியம்: லூகாஸின் சி40 மாடல் டைனமோ பெரும்பாலும் 22 ஆம்பியர், சி39 அதைவிடக் குறைவு. பெரியதற்கான பெட்டியைச் சின்னதில் போட்டால் டைனமோதான் பலியாகும்.

மாட்டும்போது பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். அந்த டயோடு 20 ஆம்பியரில் 10 வாட்டுக்கும் மேல் சூடு தரும், அதனால் ரெகுலேட்டரை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில், பெயின்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்குங்கள். எர்த் மோசமாக இருந்தால் பெட்டி வோல்டேஜைக் குறைவாக அளந்து பேட்டரியைக் கொதிக்கவிடும். எஃப் டெர்மினலில் ரேடியோ இரைச்சலுக்காக யாராவது கண்டென்சர் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். லூகாஸ் டைனமோவைப் போலரைஸ் செய்ய (ஃபீல்டின் காந்தத் திசையை எர்த்துக்கு ஏற்ப அமைக்க) வேண்டியிருந்தால், அதாவது பேட்டரியின் லைவ் முனையிலிருந்து எஃப்பை ஒரு கணம் தொட வேண்டியிருந்தால், ரெகுலேட்டருக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், ஐடிலில் டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு மினுக்கினால் பதற வேண்டாம், டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் தராது, எந்தப் பெட்டி போட்டாலும் இது மாறாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வேகத்தைக் கூட்டி பேட்டரி முனையில் அளந்தால் சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். 15ஐத் தொட்டால் உடனே நிறுத்திவிட்டு எர்த்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது சோதனைக்கென்று பேட்டரி வயரை மட்டும் கழற்றாதீர்கள், பாடியில் வெல்டிங் செய்வதென்றால் ரெகுலேட்டர் கனெக்ஷனை முதலில் பிரித்துவிடுங்கள்.