கழனி இந்தப் பக்கம், கொல்லை அந்தப் பக்கம்: இயற்கை வேளாண் திட்டங்களில் நமக்கு என்ன கிடைக்கும், விளைச்சல் என்ன ஆகும்

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஒரே குடும்பத்துக்கு நெல் கழனி தமிழ்நாட்டிலும் மானாவாரிக் கொல்லை ஆந்திராவிலும் இருப்பது சாதாரணம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. எல்லைக்கோடு ஊர்களைப் பார்த்துப் போனது, பங்காளிகளின் பாகப்பிரிவினையைப் பார்த்துப் போகவில்லை. எங்கள் வீட்டிலும் அப்பா வழிக் கழனி பள்ளிப்பட்டு பக்கம், அம்மா வழிக் கொல்லை நகரி பக்கம்.

அதனால் விதை நேர்த்தி முதல் பயிர்க்காப்பீடு வரை யாராவது படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கேட்பார்கள். இப்போது அதிகம் கேட்பது இரண்டு கேள்வி. இயற்கை விவசாயத்துக்கு மாறினால் அரசாங்கம் எவ்வளவு பணம் தரும்? மாறினால் மகசூல் விழுமா? இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் அரசின் பணம் வருகிற முதல் இரண்டு மூன்று ஆண்டும், விளைச்சல் தடுமாறுகிற ஆண்டும் ஒன்றேதான்.

முதலில் அலுவலக விஷயத்தை முடித்துவிடலாம். திட்டம் நிலத்தோடு போகும், வீட்டு முகவரியோடு போகாது. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருந்தாலும், கொல்லை நகரியிலோ நிண்ட்ராவிலோ விஜயபுரத்திலோ இருந்தால் அந்த நிலத்துக்கான மனு ஆந்திராவில்தான். அங்கே ஊர் அளவில் ரைத்து சேவா கேந்திரம் என்ற விவசாயிகள் சேவை மையம் இருக்கிறது; ரைத்து பரோசா கேந்திரம், அதாவது ஆர்.பி.கே. என்ற பழைய பெயரில் சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பட்டாதார் பாஸ்புத்தகம் வேண்டும், பயிர் இ-கிராப் என்ற அரசின் இணையப் பயிர்ப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். படிவம் தெலுங்கில் இருக்கும். நம்மில் பலர் தெலுங்கு சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. கூடவே படிக்கத் தெரிந்த பிள்ளையை அழைத்துப் போங்கள், படிக்காமல் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உதவி வேளாண்மை அலுவலரைப் பார்த்தால் போதும்.

என்ன பணம், எத்தனை நாளைக்கு

மத்திய அரசின் திட்டம் இரண்டு, இரண்டு மாநிலத்துக்கும் பொது. 2015-16இல் வந்தது பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா. இது உயிர்ம வேளாண்மைக்கானது, அதாவது ஆர்கானிக். குறைந்தது 20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர், ஒரு தொகுப்பாகச் சேர வேண்டும். ஹெக்டேருக்கு 3 ஆண்டுக்கு ரூ.31,500 என்று சொல்வார்கள். அதைக் கேட்டு யாரும் மனக்கணக்குப் போட்டுவிட வேண்டாம். அதில் விவசாயியின் வங்கிக் கணக்குக்கு இடுபொருளுக்காக வருவது ரூ.15,000. மீதி பயிற்சி, சான்று, ரசாயன எச்சப் பரிசோதனை, சந்தைப்படுத்தல் ஆகியவற்றுக்குப் போகும். ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2,000 ரூபாய் கைக்கு வரும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர்.

இன்னொன்று தேசிய இயற்கை வேளாண் இயக்கம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, மொத்தம் ரூ.2,481 கோடி, 15,000 தொகுப்புகள், 7.5 லட்சம் ஹெக்டேர். வெளியிலிருந்து உரமே வாங்காமல், மாட்டுச் சாணம், கோமியம், கலப்புப் பயிர், மூடாக்கு இவற்றை வைத்துச் செய்வதற்கு இது. ஊக்கத்தொகை ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.4,000, இரண்டு ஆண்டுக்கு, ஒருவருக்கு ஓர் ஏக்கர் வரை. மாடு இல்லாதவர்கள் கரைசல்களை வாங்கிக்கொள்ள 10,000 உயிரி இடுபொருள் மையங்கள் அமைப்பதும் இதிலேயே அடக்கம்.

ஆந்திராவுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. 2016 முதல் ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம், மகளிர் குழுக்கள் வழியாக ஊர் ஊராக இயற்கை வேளாண்மையைக் கொண்டுபோகிறது. போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசு 2024இல் அந்தத் திட்டத்துக்கும் பங்கிட்டுக் கிடைத்தது. நம் மானாவாரிக் கொல்லைக்கு அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கோடையில், மழைக்கு முன்பே, பதினைந்து இருபது வகை விதைகளைச் சாணம், களிமண், சாம்பலில் உருட்டிக் காய்ந்த மண்ணிலேயே தூவிவிடுகிறார்கள். தூறல் விழுந்ததும் முளைத்து நிலத்தை மூடிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் செம்மண் வெறுமையாகக் கிடந்து வெந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தமிழ்நாட்டில் 2023இல் உயிர்ம வேளாண்மைக் கொள்கை வந்தது. 2024-25இல் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 206 கோடி ரூபாயில் தொடங்கியது. அதில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது பசுந்தாளுர விதை, அதாவது வளர்த்துப் பச்சையாகவே மடக்கி உழுகிற செடியின் விதை. தக்கைப்பூண்டு, சணப்பு விதை பாதி விலைக்கு, ஏக்கருக்கு 20 கிலோ. இதற்குத் தொகுப்பு வேண்டாம், சான்று வேண்டாம், யூரியாவை முழுக்க நிறுத்துகிறேன் என்று எழுதித்தரவும் வேண்டாம்.

விளைச்சல் விழுமா

நெல்லில் பெரும்பாலும் விழும். எவ்வளவு, எத்தனை நாள் என்பது நீங்கள் நிறுத்துவதற்குப் பதிலாக எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் பாருங்கள். குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 48 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டையில் கிட்டத்தட்ட 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இரண்டேகால் மூட்டையில் வேலை முடிந்துவிடும். நன்கு மட்கிய தொழுவுரத்தில் டன்னுக்கு 5 கிலோதான். அதே 48 கிலோவுக்கு ஏறக்குறைய 10 டன் எரு வேண்டும், அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். பத்து டன் எரு இன்று யார் வீட்டுக் குப்பைமேட்டில் இருக்கிறது?

ஜீவாமிர்தம் இருக்கிறதே என்பார்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு அது. நல்ல பொருள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்துக் கிலோ சாணத்தில் இருக்கும் தழைச்சத்து சில பத்துக் கிராம். இட்லி மாவுக்குப் புளித்த மாவு கொஞ்சம் சேர்ப்பது போல அது நுண்ணுயிர்களைக் கிளப்பிவிடும். அரிசியும் உளுந்தும் வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

எங்கள் சித்தப்பா இதில்தான் அடிபட்டார். யாரோ நடத்திய பயிற்சியில் ஒரு மாட்டை வைத்து 30 ஏக்கர் செய்யலாம் என்று கேட்டுவிட்டு வந்து, மூன்று ஏக்கர் கழனியையும் ஒரே பருவத்தில் மாற்றினார். பசுந்தாள் போடவில்லை. வைக்கோலை அப்படியே மடக்கி உழுதுவிட்டு நட்டார். இருபதாம் நாள் பயிர் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. வைக்கோலை மட்கவைக்கிற நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும், மண்ணில் இருந்த கொஞ்சத்தையும் அவை முதலில் எடுத்துக்கொண்டுவிட்டன. அந்த ஆண்டு சித்தியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. பயிற்சி கொடுத்தவர்கள் திரும்பி வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அப்புறம் அவர் விடவில்லை. அடுத்த ஆண்டு ஒரு ஏக்கரில் மட்டும் செய்தார். தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்தாம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதார். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 25, 30 கிலோ தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுக்கும், பாதிக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஏரி வண்டலும் அடித்தார். வட்டாட்சியரிடம் மனு கொடுத்து அனுமதி வாங்கினால் போதும். மற்ற இரண்டு ஏக்கரில் பசுந்தாளோடு யூரியாவைக் குறைத்துப் போட்டார்.

மூன்றாம் ஆண்டு அறுவடை முடிந்ததும் அவர் கழனியிலிருந்து ஒரு மண்கட்டி, பக்கத்துக் கழனியிலிருந்து ஒரு மண்கட்டி, இரண்டையும் நிழலில் காயவைத்து இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். பக்கத்துக் கழனிக் கட்டி குமிழி விட்டுக்கொண்டே நிமிடத்துக்குள் கரைந்து சேறாக அடியில் படிந்தது. சித்தப்பாவின் கட்டி டீ குடித்து முடிக்கும்வரை உருக்குலையாமல் கிடந்தது. உடைத்தபோது உள்ளே தலைமுடி போல வேர் இழைகள். நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் இந்த இழைகளும்தான் மண்துகளைப் பிடித்து வைக்கின்றன. கரையாத மண்ணில் மழைநீர் இறங்கும். கரைகிற மண் மழை விட்டதும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். வேர்க்கடலைக்கு விழுது இறங்காது, முளைப்பும் தட்டும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய வயல் சோதனையின் 21 ஆண்டு முடிவு 2002இல் வந்தது. உயிர்ம வயல்களில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு; மண்புழுக்களின் எடை 1.3 முதல் 3.2 மடங்கு அதிகம். 2012இல் நேச்சர் இதழில் வந்த தொகுப்பாய்வு, நிலைமையைப் பொறுத்து இழப்பு 5 முதல் 34 சதவீதம் என்றது. மானாவாரிப் பயறு வகைகளுக்கும் பல்லாண்டுப் பயிர்களுக்கும் பொருத்தமான மண்ணில் அந்த 5. அதை வைத்துத்தான் நான் சொல்கிறேன்: நகரி பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையும் மாந்தோப்பும் முதலில் மாறட்டும், நெல் கழனி கடைசியில் மாறட்டும். வேர்க்கடலை தன் தழைச்சத்தைத் தானே வேர் முடிச்சில் தேடிக்கொள்ளும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தேடிக்கொள்ளாது, அதற்கு எருவோ ராக் பாஸ்பேட்டோ கொடுத்தாக வேண்டும்.

இலங்கையில் 2021இல் ஒரே ஆணையில் நாடு முழுவதும் ரசாயன உரத்தைத் தடுத்தார்கள். நெல் சரிந்தது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். மண் ஒரு பருவத்தில் மாறாது என்பதற்கு அத்தனை விவசாயிகள் விலை கொடுத்தார்கள்.

சான்று

உள்நாட்டு விற்பனைக்கு பி.ஜி.எஸ். சான்று போதும். குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. மாறும் காலத்தில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’, முடிந்ததும் ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’. மாறும் காலம் நெல், வேர்க்கடலைக்கு 24 மாதம், மாமரத்துக்கு 36 மாதம். நகரியில் வாங்கிய சான்று திருத்தணிச் சந்தையிலும் செல்லும். ஏற்றுமதி என்றால் மூன்றாம் தரப்பு நிறுவனம் சோதிக்கும் வேறு சான்று வேண்டும்.

குத்தகைக்காரர்கள் நிலைமைதான் வருத்தமானது. ஆந்திராவின் 2019 சட்டப்படி சாகுபடியாளர் உரிமை அட்டை 11 மாதத்துக்குத் தருகிறார்கள், அதற்கும் நில உரிமையாளர் கையெழுத்து வேண்டும். சான்றுக்கோ 24 மாதம். மண்ணைத் தேற்றி வைத்த பிறகு நிலத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? குத்தகை நிலத்தில் பசுந்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

மனு போடுமுன் மண்

எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் அதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 விவரங்களைத் தருகிறது. அதில் கரிமச்சத்து என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு. அப்படிப்பட்ட நிலத்தில் யூரியாவைச் சட்டென்று நிறுத்தினால் பயிர் தாங்காது, ஓரிரு ஆண்டு பசுந்தாளும் எருவும் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்.

அறுவடை முடிந்து எரு கொட்டுவதற்கு முன் மண் எடுங்கள். வரப்போரம், மரநிழல், குப்பைமேடு இருந்த இடம் வேண்டாம். மேல் சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் வி எழுத்துபோல அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஒரு விரல் கனத்துக்குச் சுரண்டுங்கள். ஏக்கருக்குப் பத்து இடம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி, அரைக்கிலோ வரும்வரை குறையுங்கள். யூரியா சாக்கில் கட்டாதீர்கள், துணிப்பை நல்லது. பையின் மேல் சர்வே எண்ணோடு ஊர்ப் பெயரையும் மாநிலத்தையும் எழுதுங்கள். நம் பக்கம் கோட்டுக்கு இரண்டு புறமும் ஒரே சர்வே எண் இருக்கிறது.