கேஸ் இல்லை, குடியுரிமையும் இல்லை: முகாம் தமிழர்களுக்கான விலக்கு ஆணை

‘இனிமேல் நம்ம மேல கேஸ் இல்லையாம், அப்போ பாஸ்போர்ட் கிடைக்குமா?’ இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இப்படி ஒரு கேள்வி எழுவது இயல்புதான். கேஸ் இல்லை என்பது சரி. பாஸ்போர்ட் வேறு கதை.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் இதோடு போயின. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குண்டுக்குப் பயந்து படகேறியவர்கள் விசாவுக்கு எங்கே போவார்கள்? அதனால்தான் கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை அந்த விதி தொடாது.

இதில் ‘பதிவு’ என்ற சொல்தான் உயிர். முகாம் அடையாள அட்டையோ, வெளியே வசிப்பவர்களின் காவல் நிலையப் பதிவோ, எதுவானாலும் பத்திரமாக வைத்திருங்கள். நகலும் எடுத்து வையுங்கள்.

குடியுரிமைக்கு 1955-ஆம் ஆண்டின் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை தர அதில் வந்த 2019 திருத்தம் (CAA) பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் எந்த நாட்டவராயினும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் வரை போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ, ஆனால் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்திருந்தால், பிறந்தபோது அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் பிந்தியவர்களுக்கு, ஒருவர் இந்தியர் என்றால் மட்டும் போதாது. மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக, அதாவது உரிய ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவராக, இருக்கக் கூடாது. முகாம் பிள்ளைகளில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆக, பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்.

முகாம் குடும்பங்களுக்கு மாநில அரசு வழியே வரும் மாதாந்திரப் பணக்கொடை தனி விஷயம். இந்த ஆணைக்கும் அதற்கும் முடிச்சு இல்லை.

அப்புறம், 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடியில் வந்து இறங்கினார்களே, அவர்கள்? தேதி 2015-லேயே முடிந்துவிட்டது. விலக்கு அவர்களுக்குக் கிடையாது.