சுற்றுலாவா, உல்லாசப் பயணமா?

திருகோணமலையில் ஒரு கலை விழாவுக்கான ஆயத்தக் கூட்டம். மூதூர்ப் பக்கத்திலிருந்து கூத்துக் குழுவைக் கூட்டிவர வேண்டிய, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரும் வந்திருந்தார். துண்டுப்பிரசுரத்துக்கு எழுதிய முதல் வரியை ஒருவர் வாசித்தார்: 'உள்நாட்டு, வெளிநாட்டு உல்லாசப் பயணிகளைக் கவரும் நோக்குடன்...' அண்ணாவியார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "உல்லாசக்காரருக்கு ஆடிக் காட்டவா தம்பி எங்கட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்றீங்க?"

அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்கு வேறு எப்படிப் படும்? 'டூரிஸ்ட்' என்பதற்கு ஈடாக எங்கள் பெயர்ப்பலகையிலும் அறிக்கையிலும் செய்தியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த சொல் இது. அன்றுதான் அது செய்யும் கெடுதலை நேரில் கண்டேன்.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உல்லாசம் வடசொல், ஒளிர்தல், விளையாடுதல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்து களிப்பைக் குறிக்கிறது. சுற்றுலா என்பது சுற்று + உலா. ஆங்கிலத்தின் 'டூர்' பிரெஞ்சு, இலத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் போகிறது. அங்கே அது கடைசல் கருவியையும் வட்டம் வரையும் கருவியையும் குறித்த சொல். ஆக, அந்தச் சொல்லின் அடியிலும் கிடப்பது சுற்றுதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பயணம். 'சுற்றுலா' அதை அச்சொட்டாகப் பிடித்திருக்கிறது.

உல்லாசம் வடசொல் என்பதற்காக நான் அதை எதிர்க்கவில்லை. 'பயணம்' கூட வடமொழி வழி வந்ததுதான். என் வழக்கு பொருளைப் பற்றியது. செய்தித்தாள்களில் 'உல்லாசமாக இருந்தனர்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதே சொல்லை ஊருக்கு வரும் மனிதரின் தலையில் ஏற்றிவிட்டு, பெற்றோர் பிள்ளைகளை மேடைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள் என்று குறைப்பட்டு என்ன பயன்?

மும்மொழிப் பலகையை ஒருமுறை நின்று பாருங்கள். சிங்களத்தில் 'சஞ்சாரக', அதாவது சஞ்சரிப்பவர். ஆங்கிலத்தில் சுற்றி வருபவர். தமிழ் வரியில் மட்டும் அவர் உல்லாசம் தேடி வந்தவர் ஆகிவிடுகிறார். இந்தக் கூடுதல் பொருளை யார் கேட்டார்கள்? இத்தனைக்கும் நம் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போவது 'கல்விச் சுற்றுலா'. அதை யாரும் கல்வி உல்லாசப் பயணம் என்பதில்லை.

'சுற்றுலா' தமிழ்நாட்டு வழக்கு, 'உல்லாசப் பயணம்' எங்கள் ஈழத்து வழக்கு, அதைக் கைவிடக்கூடாது என்று வாதிடுபவர்களும் உண்டு. எங்கள் வழக்கின்மேல் எனக்கும் பிரியம் உண்டு. கதிரையும் (நாற்காலி) கந்தோரும் (அலுவலகம்) போர்த்துக்கேயரோடும் ஒல்லாந்தரோடும் வந்தவை. ஆனாலும் சனங்களின் வாயில் ஊறி எங்களுடையவை ஆகிவிட்டன. அவற்றை யார் விலக்கச் சொன்னாலும் நான் விடமாட்டேன். உல்லாசப் பயணி அப்படி ஊறவே இல்லை. மீன் சந்தையில் போய்க் கேளுங்கள்: வெள்ளைக்காரர் என்பார்கள், வெளியூர்ச் சனம் என்பார்கள், கோயிலுக்கு வந்தவர்கள் என்பார்கள். அது தாளில் மட்டும் வாழும் சொல்.

உலா அப்படியில்லை. அது இந்த ஊர் கண்ணால் காணும் சொல். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது, வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, தெருவே விழித்திருக்கும். ஒருவர் உலா வருவதும் ஊர் அவரை எதிர்கொள்வதும் எங்களுக்குப் பழகிய விஷயம்.

சரி, பெயரில் என்ன இருக்கிறது, வருமானம் வந்தால் போதாதா என்று கேட்கலாம். வருமானத்தையும் இந்தச் சொல் கெடுக்கிறது. உலக சுற்றுலா அமைப்பின் வரையறைப்படி, வழக்கமான சூழலை விட்டு வெளியே போய் ஓர் இரவாவது தங்குபவர், ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்கினால், சுற்றுலாப் பயணி. போன இடத்தில் ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போயிருக்கக்கூடாது, அவ்வளவுதான். யாத்திரை, வைத்தியம், உறவினர் வீடு, வியாபாரம் எல்லாம் அதில் அடங்கும். உல்லாசம் அந்த வரிசையில் ஒன்று மட்டுமே. ஆனால் உல்லாசப் பயணி என்று சொன்னவுடன் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளும் புறாத்தீவுப் படகும்தான் மனதில் வருகின்றன. அது வைகாசி முதல் புரட்டாசி வரையான கதை. வாடைக்காற்றில் கடல் குமுறும்போது படகும் இல்லை, அறைகளில் ஆட்களும் இல்லை.

மழை விட்டு, கடற்கரைக் காலம் தொடங்காத மாசியிலும் பங்குனியிலும் ஒரு கலை விழா வைத்தால் வருபவர் யார்? கடலில் குளிக்க வருபவரல்ல. கூத்தைப் பார்க்க வருபவர். வடமோடிக் கூத்து விடிய விடிய நடக்கும். அவர் தங்கித்தான் ஆகவேண்டும். இரவு ரயிலில் கொழும்பிலிருந்து வந்திறங்கும் ஒருவர் ஓட்டோ பிடிப்பார், அறை எடுப்பார், காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிடுவார், பிற்பகல் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவார். அந்தக் காசு பல கைகளுக்குப் பிரிகிறது. கூத்து முடி (கிரீடம்) கட்டுபவருக்கும் உடுப்புத் தைப்பவருக்கும் மத்தளக்காரருக்கும் வேலை கிடைக்கிறது. கூத்தின் தாளக்கட்டுகளைப் பிள்ளைகள் பழகுகிறார்கள். 1947-இல், பெரும் போர் முடிந்து இரண்டே வருடத்தில், எடின்பரோ தன் கலை விழாவைத் தொடங்கியபோதும் சனங்கள் இசைக்கும் நாடகத்துக்கும்தான் வந்தார்கள்.

கூட்டத்தில் ஒருவர் 'விருந்தினர்' என்று போடலாம் என்றார். அழகான சொல், விருந்து என்றால் புதுமை, விருந்தினர் புதிதாக வந்தவர். ஆனால் விருந்தினரிடம் அறை வாடகை வாங்குவது எனக்குக் கூசுகிறது. பகலில் வந்து மாலையே திரும்புபவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் 'வருகையாளர்' இருக்கிறது. தங்குபவர் சுற்றுலாப் பயணி. இந்த இரண்டும் போதும்.

கடைசியில் அந்த வரியை 'எங்கள் கூத்தைக் காண வரும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஊரவர்களுக்கும்' என்று மாற்றினோம். அண்ணாவியார் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம், தன் ஆட்கள் இருபது பேருக்கும் இரவுச் சாப்பாடு எங்கே என்று விசாரித்தார்.