நீறு பூத்த கரியும் மூடிய கராஜும்: ஓர் அவசர சிகிச்சை மருத்துவரின் குறிப்பு

சிகாகோவின் புறநகர் ஒன்றில் அவசர சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மே மாத இறுதியில் மெமோரியல் டே விடுமுறை வந்தால் இங்கே வீட்டுக் கொல்லைகளில், கரித்தணலில் சுட்டுச் சமைக்கும் கிரில் அடுப்பை மூட்டத் தொடங்குவார்கள். செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டே வரை கரிப்புகையின் மணம் இல்லாத வார இறுதி கிடையாது. நம் தமிழ்க் குடும்பங்களும் இதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. மிளகும் இஞ்சியும் அரைத்துப் பூசிய கோழியும், வாழை இலையில் பொதிந்த மீனும், மிளகாய்த்தூள் தடவிய சோளமும் கரித்தணலில் வேகும்போது வரும் ருசி அடுப்பில் வராது என்பதை நானும் அறிவேன். கரி கிரில்லை விட்டுவிடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை எங்கே வைக்கிறோம், சமையல் முடிந்தபின் என்ன செய்கிறோம் என்ற இரண்டையும் பற்றியே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஒரே வீட்டிலிருந்து ஐந்து பேர் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு குழந்தைகளும் வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் தலைவலி. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த பாட்டி, மாடிப் படியருகே மயங்கி விழுந்து எழுந்திருந்தார். வரவேற்பு மேசையில் ‘உணவு நச்சு’ என்று பதிவாகியிருந்தது. பாட்டியின் மகனும் அதையேதான் நம்பினார். “சிக்கன் உள்ளே சரியா வேகலைன்னு நினைக்கிறேன், டாக்டர்” என்று குற்ற உணர்வோடு சொன்னார்.

ஐவரில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. ஆனால் ஐவருக்கும் தலைவலி இருந்தது. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லோருக்கும் 98, 99 என்று காட்டியது. பாட்டியிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் எனக்கு வழியைக் காட்டியது: “சனிக்கிழமை நான் கவுச்சி தொடமாட்டேனேம்மா. கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்டுட்டு மேல போய்ப் படுத்தேன். தலை பாறாங்கல்லு மாதிரி கனக்குது.” கோழியைத் தொடாதவருக்குத்தான் எல்லோரையும்விட அதிக பாதிப்பு. அவர் படுத்திருந்தது, வீட்டோடு ஒட்டிக் கார் நிறுத்தும் கராஜுக்கு நேர் மேலே இருந்த அறை, குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்ததும் அங்கேதான். கரியை எங்கே மூட்டினீர்கள் என்று கேட்டேன். மாலையில் இடி மழை பிடித்துக்கொண்டதால், நல்ல தணலாக இருந்த கெட்டில் கிரில்லை (மூடியுள்ள உருண்டைக் கரி கிரில்) அப்படியே கராஜுக்குள் உருட்டிக்கொண்டு போய், கதவை இடுப்பளவு திறந்து வைத்து மீதிச் சமையலை முடித்ததாகச் சொன்னார்கள். மழைச்சாரல் அடித்ததால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கதவையும் முக்கால்வாசி இறக்கிவிட்டார்களாம்.

ஹீமோகுளோபினில் எந்த வாயு ஏறியிருக்கிறது என்று பிரித்து அளக்கும் கோ-ஆக்சிமீட்டரில் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, பாட்டியின் ஹீமோகுளோபினில் 26 விழுக்காட்டை, கரித்தணலிலிருந்து எழும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பிடித்திருந்தது. புகை பிடிக்காதவருக்கு இந்த அளவு வழக்கமாக 3 விழுக்காட்டுக்குள் இருக்கும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் தொண்டையையும் அது உறுத்துவதில்லை. ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும் வலிமை, ஆக்சிஜனுக்கு இருப்பதைப்போல் 200 மடங்குக்கும் மேல். ஒட்டிக்கொண்டபின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழப்பதோடு, சுமந்த ஆக்சிஜனையும் திசுக்களுக்கு எளிதில் இறக்கித் தருவதில்லை. சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த இரண்டு வகை ஹீமோகுளோபினையும் பிரித்தறியாது, இரண்டையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 99 என்று காட்டும். கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் இந்தக் கருவி இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கரிப்புகை சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த எண்ணை நம்பி யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

கெட்டில் கிரில் எப்படி எரிகிறது என்பது தெரிந்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் புரியும். 1952இல் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், ஏரியில் மிதக்கவிடும் உலோக மிதவைக்கான பாதிக் கோளங்களைக் கொண்டு, மூடியோடு கூடிய முதல் கெட்டில் கிரில்லைச் செய்தார். அடியில் ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒரு காற்றுத் துளை. இந்த இரண்டையும் திறந்தும் மூடியும் தணலின் வேகத்தை ஏற்றி இறக்குவதுதான் அந்தக் கிரில்லின் முழு சூட்சுமம். கீழ்த்துளை வழியாக நுழையும் காற்று கரியோடு சேர்ந்து முதலில் கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்த வாயு மேலேயுள்ள செங்கங்குகளின் ஊடே ஏறும்போது கரியோடு மறுபடி வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேற்பரப்பில் சூடும் காற்றும் போதிய அளவு இருந்தால் அதுவும் எரிந்துவிடும். பொழுது சாய்ந்தபின் மூடியைத் திறந்துவைத்துப் பார்த்தால் கங்குகளின் மேல் விரற்கடை உயரத்தில் நீலச் சுடர்கள் தத்தித் தத்தி ஓடுவதைக் காணலாம், அது இந்த வாயு எரியும் சுடர்தான். மூடியைப் போட்டுத் துளைகளைச் சுருக்கியதும், அல்லது தணல் ஆறத் தொடங்கியதும், அந்த நீலச் சுடர் அணைந்துபோகிறது. ஆனால் வாயு உற்பத்தியாவது நிற்பதில்லை, எரியாமல் மூடியின் துளை வழியே வெளியே வந்துகொண்டே இருக்கிறது.

கொழுந்துவிட்டு எரிந்து புகைந்துகொண்டிருக்கும் கிரில்லை யாரும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. ஹிக்கரி, ஓக், ஆப்பிள் மரத் துண்டுகளைக் கரியின் மேல் போட்டால் எழும் புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், நாமே பின்வாங்குவோம். விறகுப் புகையிலும் இந்த வாயு உண்டு, ஆனால் அந்தப் புகை நம்மை விரட்டிவிடுகிறது. புகையெல்லாம் அடங்கி, கரி வெண்சாம்பல் போர்த்திக்கொண்டு அமைதியாகக் கிடக்கும்போதுதான் ‘இனி ஒன்றுமில்லை’ என்று எண்ணி அதை உள்ளே எடுத்துவருகிறோம். நீறு பூத்த நெருப்பு என்று நம் மொழியில் அதற்குப் பெயரே இருக்கிறது. அந்த நீற்றின் அடியில் கனல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மாமியார், தாயார் வயதுடையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “நாங்க வீட்டுக்குள்ளேயே கும்மட்டி அடுப்பு வச்சு ஆக்கினவங்கதானே?” என்பது. நியாயமான கேள்விதான். குழந்தையைக் குளிப்பாட்டித் தணலில் சாம்பிராணி போட்டுத் தலை காட்டியவர்கள் அவர்கள். ஆனால் ஓட்டு வீட்டின் கூரைச் சந்துகளிலும், முற்றத்திலும், சாத்தினாலும் சரியாகப் பொருந்தாத சன்னல்களிலும் காற்று சதா ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயுள்ள வீடு, பனிக்காலத்தில் சூடு வெளியே போகாதபடி இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக் கட்டப்பட்டது. வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து உள்ளே போகும் கதவு, மின்கம்பிகளும் குழாய்களும் செல்லும் துவாரங்கள், மேலறையின் தளம் ஆகிய எல்லாவற்றின் வழியாகவும் வாயு வீட்டுக்குள் ஏறிவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடையே உள்ளது என்பதால் தரையில் தங்காமல், சூடான காற்றோடு மேலே பரவும். கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் அது போதாது. நம் ஊரிலேயே கூட, கொடைக்கானல், உதகை போன்ற இடங்களில் குளிருக்காக விடுதி அறைக்குள் கரித்தணலை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்திகளைப் படிக்கிறோம். அவையும் சன்னல் சாத்திய அறைகளே.

2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தில் கடுங்குளிரில் மின்சாரம் நின்றபோது நூற்றுக்கணக்கானோர் இந்த நச்சோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். சிலர் ஜெனரேட்டரையோ காரையோ கராஜில் ஓடவிட்டவர்கள், சிலர் குளிர் காய்வதற்காகக் கரி கிரில்லை வீட்டுக்குள் மூட்டியவர்கள். இத்தனைக்கும், வீடு, கூடாரம், வாகனம் மூன்றினுள்ளும் கிரில் எரிவதை வரைந்து மேலே குறுக்குக்கோடு போட்ட படம் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு கரிப்பையிலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து சட்டப்படி அச்சிடப்படுகிறது. பையைக் கிழிக்கும் அவசரத்தில் அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள்? அடுத்த முறை கரி வாங்கும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

வாகனம் என்பதை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். பூங்காவில் சமைத்துவிட்டு, ‘ஆறிவிட்டது’ என்று நம்பிச் சிறிய கிரில்லைக் காரின் பின்பகுதியில் ஏற்றி, கண்ணாடிகளை உயர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிவந்த ஒருவர், தலைசுற்றலோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி உதவி கேட்டதால் பிழைத்தார். சமையல் முடிந்ததும் இரண்டு துளைகளையும் முழுக்க மூடி, கிரில்லை வெட்டவெளியிலேயே விட்டுவிட வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று முடிவு செய்யாமல், குறைந்தது இரண்டு நாள் கழித்தே சாம்பலை அள்ள வேண்டும். அள்ளியதையும் மூடியுள்ள தகரவாளியில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியிலும் காகிதப் பையிலும் கொட்டிய சாம்பல் நள்ளிரவில் மரத்தளத்தைப் பற்றவைத்த கதைகளைத் தீயணைப்பு வீரர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏரிக்கரை மணலில் கரியைப் புதைத்துவிட்டுப் போவது மிகக் கொடிய பழக்கம். மணல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. அதன்மேல் ஓடிய ஒரு நான்கு வயதுக் குழந்தையின் இரண்டு உள்ளங்கால்களும் வெந்திருந்ததை நானே பார்த்தேன். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிச் சுட்டுவிட்டால் பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

விருந்துகளில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுவெல்லாம் அல்ல, “கருகினதைச் சாப்பிட்டால் கேன்சர் வருமா?” என்பதுதான். கடுஞ்சூட்டில் கருகும் இறைச்சியில் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய பொருள்கள் உண்டாவது உண்மை. சிவப்பு இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் ‘புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற வகையில் சேர்த்ததும் உண்மை. கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தின் மேல் இறைச்சியை வைத்து மெதுவாக வேகவைத்தால் கருகலும் குறையும், கொழுப்பு சொட்டித் தீ எழும்புவதும் குறையும். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் சேரும் ஆபத்து. கராஜில் வைத்த கிரில்லுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருகிறேன். ஐவருக்கும் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தோம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜனில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். பாட்டி நினைவிழந்திருந்தார் என்பதால் அவரை உயர் அழுத்த ஆக்சிஜன் அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினோம். தேறியபிறகும் சில வாரங்கள் கழித்து மறதி, நடைத் தடுமாற்றம், குணமாற்றம் போன்றவை தலைகாட்டக்கூடும் என்று மகனிடம் எச்சரித்து அனுப்பினேன். நல்லவேளையாக அவருக்கு அப்படி எதுவும் நேரவில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாயின் அளவைவிடக் கருவில் இந்த வாயு அதிகமாகச் சேரும், மெதுவாகத்தான் இறங்கும், ஆகவே தாய் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

புறப்படும்போதுதான் மகன் இன்னொன்றைச் சொன்னார். மாடியிலிருந்த அலாரம் மாலையிலேயே கத்தியதாம். சமையல் புகைக்குத்தான் கத்துகிறது என்று எண்ணி அவரே நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றி வைத்தாராம். இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2007 முதல் ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் 15 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான வீடுகளில் இருக்கவும் செய்கிறது. புகை அலாரம் மும்மூன்றாகவும், இந்த அலாரம் நான்கு நான்காகவும் ஒலிக்கும். உங்கள் வீட்டு அலாரத்தின் பொத்தானை இன்றே அழுத்தி அந்த ஒலியை எல்லோரும், குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள், ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அது ஒலித்தால் சன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே நிற்காமல், எல்லோரையும் எண்ணிப் பார்த்து வெளியே அழைத்து வந்துவிட்டு 911ஐக் கூப்பிடுங்கள். மழை பெய்தால் நனையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மருத்துவமனைக்கு வந்ததும் வரவேற்பு மேசையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தொடங்கும் முன், “வீட்டில் கரி மூட்டியிருந்தோம்” என்பதை முதலில் சொல்லுங்கள்.