எட்டாம் இடத்தைப் பற்றிய சண்டை போதும், யார் யாரோடு மோதுகிறார்கள் என்று பாருங்கள்

கூடைப்பந்துப் பயிற்சியோடு, போட்டிகளுக்கு ஆட்ட அட்டவணை போட்டுக் கொடுப்பதும் என் வேலை. அணிகளை இரண்டு பூல்களாகப் பிரித்து லீக் ஆடவைத்து, பிறகு நாக்அவுட்டுக்குக் கொண்டுபோவோம். பலமான அணிகளெல்லாம் ஒரே பூலில் விழுந்துவிட்டால் அந்தப் போட்டியே கெட்டுவிடும். அதனால் ட்ரா போடும்போதே அவற்றைப் பிரித்துவைக்கப் பார்ப்போம். உலகத்தின் மிகப் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் பூலைத் தீர்மானிப்பது பலம் அல்ல, வரைபடம். 1970-71 சீசனிலிருந்து கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸ்கள். இன்று பக்கத்துக்கு 15 அணிகள். லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்அவுட் கட்டமான பிளேஆஃபுக்கு இங்கிருந்து 8, அங்கிருந்து 8. அதில் இறுதிச்சுற்றுவரை ஒரு பக்கத்து அணி மறுபக்கத்து அணியைச் சந்திக்கவே முடியாது.

இதை எதிர்ப்பவர்கள் வழக்கமாக எட்டாம் இடத்தைத்தான் காட்டுவார்கள். 2013-14இல் மேற்கில் லீக் கட்டத்தின் 82 ஆட்டங்களில் 48 வென்ற ஃபீனிக்ஸ் வெளியே நின்றது; கிழக்கில் 38 மட்டுமே வென்ற அட்லாண்டா உள்ளே போனது. அநியாயம்தான். ஆனால் அதே அட்லாண்டா, கிழக்கில் முதலிடம் பிடித்த இந்தியானாவுக்கு எதிராக, நான்கு வெற்றி முதலில் பெறும் அணி ஜெயிக்கும் ஏழு ஆட்டத் தொடரில் 3-2 என்று முன்னிலை பெற்று, ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது. எட்டாம் இடத்துக்கு யார் வந்தாலும் கோப்பை பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. உண்மையான சேதம் மேலே நடக்கிறது.

2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 65 வெற்றி பெற்ற ஹூஸ்டனும் 58 வெற்றி பெற்ற கோல்டன் ஸ்டேட்டும் மேற்கின் இறுதியிலேயே மோதிக்கொண்டன. ஹூஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்து, அதன் நட்சத்திர வீரர் கிறிஸ் பால் காயம்பட்டு உட்கார்ந்த கடைசி இரண்டு ஆட்டங்களையும் இழந்தது. அந்த ஆண்டின் சாம்பியன் யார் என்பது அங்கேயே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பிறகு நடந்த இறுதிச்சுற்றில் 50 வெற்றி பெற்ற கிளீவ்லாந்தை கோல்டன் ஸ்டேட் 4-0 என்று முடித்தது. ஆண்டு முழுக்கக் காத்திருந்த ரசிகனுக்கு உச்சக்கட்டம் முன்னாலேயே முடிந்துபோனது.

இந்த லீக் இப்படிப்பட்ட தவறை ஒருமுறை திருத்தியிருக்கிறது என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்குள்ளும் டிவிஷன் என்று மூன்று சிறு பிரிவுகள் உண்டு. 2006இல் டிவிஷன் வென்ற மூன்று அணிகளுக்கே முதல் மூன்று சீட் (பிளேஆஃப் தரவரிசை இடம்) என்று விதி இருந்தது. 60 வெற்றி பெற்ற டல்லாஸ் நான்காவது சீட் ஆனது. 44 வெற்றி பெற்ற டென்வர் மூன்றாவது! முதல் சீட்டும் நான்காவது சீட்டும் ஒரே பாதியில் வருவதால், மேற்கின் தலைசிறந்த இரண்டு அணிகளான சான் அன்டோனியோவும் டல்லாஸும் இரண்டாவது சுற்றிலேயே மோத நேர்ந்தது. அடுத்த சீசனே விதியை மாற்றினார்கள். டிவிஷனுக்குப் புரிந்த நியாயம் கான்ஃபரன்ஸுக்கு மட்டும் ஏன் புரியவில்லை?

பயணத் தூரம் என்பார்கள். போர்ட்லாந்தும் மயாமியும் முதல் சுற்றில் ஏழு ஆட்டங்கள் ஆடினால் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மாறிமாறிப் பறக்கவேண்டும், உண்மை. ஆனால் மேற்கு அணியான மின்னசோட்டாவைப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத மில்வாக்கி அதற்கு 'கிழக்கு'. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் போர்ட்லாந்து அதன் சொந்தக் கான்ஃபரன்ஸ். பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 2016இலேயே கான்ஃபரன்ஸ் பார்க்காமல் சீடிங் கொடுத்துவிட்டது. அந்த ஆண்டு இறுதிச்சுற்றில் மோதிய லாஸ் ஏஞ்சலஸ், மின்னசோட்டா இரண்டுமே மேற்கு அணிகள். ஐந்து ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம்வரை போய், 77-76 என்று ஒரே புள்ளியில் முடிந்தது.

இதற்காக நாளைக்கே பிளேஆஃப் அணிகளை ஒரே பட்டியலாக 1 முதல் 16 வரை வரிசைப்படுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 82 ஆட்டங்களில் 52 சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள், 30 மறுபக்கத்தோடு. பலவீனமான பக்கத்தில் பெற்ற 50 வெற்றியும் பலமான பக்கத்தில் பெற்ற 50 வெற்றியும் ஒன்றல்ல. அட்டவணையைச் சமன் செய்யாமல் சீடிங்கை மட்டும் மாற்றினால், ஒரு அநியாயத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததாகிவிடும். சமன் செய்ய வழியும் இருக்கிறது. எதிரணிகள் 29. அவற்றில் 24 அணிகளோடு மும்மூன்று, 5 அணிகளோடு இரண்டிரண்டு ஆட்டங்கள் என்றால் கணக்கு 82. மூன்று முறை ஆடும் 24 அணிகளில் பாதியோடு ஓர் ஆட்டம் கூடுதலாகச் சொந்த மைதானத்தில் வைத்தால், இப்போது இருப்பதுபோலவே 41 உள்ளூர் ஆட்டங்களும் கிடைக்கும். பறக்கும் தூரம் கூடும், வீரர்களின் ஓய்வு குறையும். அந்த விலையை லீக் யோசித்துத்தான் கொடுக்கவேண்டும்.

அதுவரைக்கும் எளிய வழி ஒன்று உண்டு. முதல் இரண்டு சுற்றுகள் இப்போதுபோலவே நடக்கட்டும். மிஞ்சும் நான்கு அணிகளை மட்டும் கான்ஃபரன்ஸ் பார்க்காமல் வரிசைப்படுத்தினால் போதும். 2018இல் அப்படிச் செய்திருந்தால் ஹூஸ்டன் கிளீவ்லாந்தோடும், கோல்டன் ஸ்டேட் பாஸ்டனோடும் ஆடியிருக்கும். ஹூஸ்டனும் கோல்டன் ஸ்டேட்டும் இறுதிச்சுற்றில் சந்திக்க வழி திறந்திருக்கும். நீண்ட பயணமும் கூடுதலாக ஒரே சுற்றில்தான்.

இது என் சொந்த யோசனை அல்ல. 2019 இறுதியில் என்.பி.ஏ.வே பிளே-இன் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள்), சீசன் நடுவில் ஒரு கோப்பை, கடைசி நான்கு அணிகளுக்கு மறுவரிசை என்று மூன்று மாற்றங்களைப் பரிசீலித்தது. பிளே-இன் வந்துவிட்டது. கோப்பைப் போட்டியும் 2023-24இல் வந்துவிட்டது. மறுவரிசையை மட்டும் கைவிட்டுவிட்டார்கள். மாற்றத்துக்கு ஒப்புதல் தரவேண்டிய அணி உரிமையாளர்களில் பாதிப்பேர் கிழக்குக்காரர்கள்; மறுவரிசை வந்தால் இறுதிச்சுற்றில் கிழக்குக்கு ஓர் இடம் உறுதி என்ற நிலை போய்விடும். அடுத்த முறை சீர்திருத்தப் பேச்சு எழும்போது ரசிகர்கள் எட்டாம் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அந்த மூன்றாவது மாற்றத்தைக் கேட்கவேண்டும்.