இரண்டாவது மோட்டார் சைக்கிள் வாங்கும் முன் உங்கள் கைகால்களின் பழக்கத்தைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் 22 ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தி வருகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் என்னும் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியதையும், தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போ பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கியதையும் இங்கு வரும் வண்டிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு காப்சாய், அதாவது எடை குறைந்த சிறிய மோட்டார் சைக்கிள், இருந்தால் போதும். இப்போது அந்தக் காப்சாய்க்குத் துணையாக இன்னொரு வண்டி எடுக்கலாமா என்று கேட்டு வருபவர்கள் அதிகம். அவர்கள் பேச்சைத் தொடங்குவது சிசியிலும் விலையிலும்தான். நான் முதலில் கேட்பதோ, கையில் இருக்கும் வண்டியால் எந்த வேலை ஆகவில்லை என்பதை.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற காப்சாய் ஏறத்தாழ 100 கிலோ எடைதான். செம்மண் பாதையில் சேறு பிடித்துச் சாய்ந்தால் ஒருவரே தூக்கி நிறுத்திவிடலாம்; முன்னால் கூடை, பின்னால் பொருள் மூட்டை என்று எதையும் சுமக்கும். தோட்டத்துக்குள் இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. ஆனால் அதே வண்டியில் தினமும் 30 கிலோமீட்டர் ஈப்போவுக்குப் போகிறவர், வேக முறுக்கியை முழுவதும் திருகியபடியே, தம்மைவிட வேகமாக வரும் லாரிகளுக்கு நடுவில் ஓரம் ஒதுங்கிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது. மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் சென்றவர்களே என்பதால், இரண்டாவது வண்டிக்கு நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இந்தப் பெருஞ்சாலைப் பயணம்தான். பொதுவாக அதற்கு 150 சிசி வண்டியே போதும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ளதாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே எடுக்கச் சொல்வேன். இன்னொரு காப்சாய் வாங்கினால் வீட்டில் இன்னொருவருக்கு வண்டி கிடைக்கும். மற்றபடி குறை குறையாகவே இருக்கும்.

விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. காப்சாயில் கிளட்ச் பிடி கிடையாது. கியர் மிதியின் முன்பக்கத்தை அழுத்தினால் கியர் ஏறும், பின்பக்கத்தைக் குதிகாலால் அழுத்தினால் இறங்கும். வழக்கமான கிளட்ச் வண்டிகளில் இது நேர்மாறானது: முன்பக்கத்தைக் கீழே அழுத்தினால் கியர் இறங்கும், கால்விரலால் மேலே தூக்கினால்தான் ஏறும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காப்சாய் ஓட்டியவரின் இடது பாதம் யோசித்து வேலை செய்வதில்லை; பழகிய திசையில் தானாகவே அழுத்திவிடும்.

என் வாடிக்கையாளர் ஒருவர் பழைய 250 சிசி வண்டி ஒன்றை வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தூறலில் வீடு திரும்பும்போது, முன்னால் சென்ற காரை முந்துவதற்காகக் கியரை ஏற்ற நினைத்துக் கிளட்சைப் பிடித்து மிதியை அழுத்தியிருக்கிறார். ஏற வேண்டிய கியர் இறங்கிவிட்டது. கிளட்சை விட்டதும் பின்சக்கரம் இறுகி வழுக்க, அவர் சாலையோரப் புல்லில் போய் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. பின்னால் லாரி எதுவும் வராததால் உயிர் பிழைத்தார். கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்கு வந்து, “அண்ணே, கியர் பாக்ஸ் கெட்டுப்போச்சா பாருங்க” என்றார். பிரித்துப் பார்த்தேன். கியர் பாக்ஸில் ஒரு குறையும் இல்லை.

ஸ்கூட்டரில் இந்த ஆபத்து வேறு வடிவில் வரும். அதில் இடது கைப்பிடி பின் பிரேக். கிளட்ச் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். காலையில் பிள்ளைகளை ஸ்கூட்டரில் பள்ளிக்கு விட்டுவிட்டுக் கிளட்ச் வண்டியில் வேலைக்குப் போகிறவர், நாய் குறுக்கே ஓடினால் இடது கையை இறுக்குவார். வண்டி நிற்காமல் உருளும். ஆகவே ஒருவரே நாள்தோறும் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டப்போகிறார் என்றால், கியர் முறையும் பிரேக் அமைப்பும் ஒத்துப்போகும் வண்டிகளாகத் தேடச் சொல்கிறேன். ஆளுக்கொரு வண்டி என்றால் இந்தக் கவலை குறைவு. எதுவானாலும், வாங்கும் முன் கடை வாசலில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், வெறிச்சோடிய பாதையில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் ஓட்டுவதற்கான பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். சாலை வரி 150 சிசி வரை ஒரு சுமையே இல்லை. அதைத் தாண்டி 200 வரை ஆண்டுக்கு 30 ரிங்கிட், 250 வரை 50 ரிங்கிட். 155 சிசி வண்டி எடுப்பவர்கள் வரி கட்டும்போதுதான் இதைக் கவனிக்கிறார்கள். முதல் வண்டியின் காப்புறுதியில் சேர்ந்திருக்கும் என்சிடி, அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான கழிவு, அந்த வண்டியை வைத்திருக்கும்வரை அதற்கு மட்டுமே உரியது. புதிய வண்டி சுழியத்திலிருந்து தொடங்கி 15, 20, 25 விழுக்காடு என ஏற வேண்டும்.

பழைய வண்டியாக இருந்தால் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கெரானில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உள்ளபடியே இருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து படித்துப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு உற்பத்தியான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயரின் பூ, அதாவது மேற்பரப்பின் வெட்டுக் கோடுகள், நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் மழையில் பிடிக்காது. புது வண்டி வந்ததும் வீட்டு வாசலில் கிடக்கும் காப்சாய்க்கும் இதே நிலைதான்: கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், பேட்டரி இறங்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள்.

காறை எலும்பு கூடிய பின் அந்த வாடிக்கையாளர் 250-ஐ விற்கவில்லை; காப்சாயைத் தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது கிளட்ச் வண்டியில் ஏறியதும் எஞ்சினைக் கிளப்பும் முன், வண்டியை லேசாக முன்னும் பின்னும் உருட்டியபடி கியரை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.