பிலிம் துளைகளுக்கிடையே ஒரு 0.01 மில்லிமீட்டர்

35 மி.மீ. சினிமா பிலிமின் இரண்டு ஓரங்களிலும் துளைகள் இருக்கும், ஃபிரேமுக்கு ஓரத்துக்கு நான்கு. தியேட்டரில் ஓடும் பிரிண்டில் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு 4.750 மி.மீ. கேமராவுக்குள் போகும் நெகட்டிவிலோ 4.740. இந்த நூலிழை வித்தியாசத்தைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள். ஆனால் அதற்கான காரணத்தைக் கேமராவில் தேடினால் கிடைக்காது. பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேபுக்குப் போக வேண்டும்.

நெகட்டிவிலிருந்து பிரிண்ட் எடுக்க, சிகாகோவின் பெல் அண்ட் ஹவல் நிறுவனம் செய்த பிரிண்டர்களில் பிலிம் நின்று நின்று நகராது, ஒரே சீராக ஓடும். பல்சக்கரத்தின்மேல் நெகட்டிவ் படிந்திருக்கும், அதன்மேல் ஒளிபடாத பாசிட்டிவ், அதாவது பிரிண்டாகப் போகும் பிலிம். இரண்டின் மருந்துப் பூச்சும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். உட்புறமிருந்து குறுகிய பிளவு வழியே வரும் வெளிச்சம் நெகட்டிவைக் கடந்து பாசிட்டிவில் பதியும்.

வண்டி வளைவில் திரும்பினால் வெளிச்சக்கரம்தானே அதிக தூரம் ஓட வேண்டும்? வெளியே இருக்கும் பாசிட்டிவுக்கும் அதே கதை. பிலிமின் தடிமன் சுமார் 0.15 மி.மீ.தான். ஆனாலும் இரண்டிலும் துளைகள் ஒரே இடைவெளியில் இருந்தால், பல்லுக்குப் பல் ஒன்றின்மேல் ஒன்று இம்மியளவு வழுக்கும். படம் மங்கும், ஆடும். ஒலித்தடத்துக்கு வரும் கேடு இன்னும் மோசம்: நொடிக்கு 24 ஃபிரேம், ஃபிரேமுக்கு 4 துளை, ஆக நொடிக்கு 96 முறை ஒலி நடுங்கும்.

நைட்ரேட் பிலிம் காலத்தில் இதற்கென்று தனி வைத்தியம் தேவைப்படவில்லை. கழுவிக் காயும்போது நெகட்டிவ் தானாகவே சுருங்கியது. பிரிண்டர் சக்கரங்களும் அந்தச் சுருக்கத்தை நம்பியே அமைந்தன. பிறகு 1948-ல் எளிதில் தீப்பற்றாத ட்ரைஅசிட்டேட் பிலிமைக் கோடாக் கொண்டுவந்தது. 1951-ல் நைட்ரேட் தயாரிப்பையே நிறுத்தியது. புதிய பிலிம் அவ்வளவாகச் சுருங்கவில்லை. பிலிம் உயர்ந்ததால் பிரிண்ட் தாழும் விநோத நிலை!

ஊர் ஊராக லேப்களில் ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்களை மாற்றுவதா? அதற்குப் பதில், பழைய பிலிம் தானாகச் சுருங்கிய அளவைத் துளையிடும்போதே கணக்கிட்டு வைத்துவிட்டார்கள். ஒரு குறையைப் பார்த்துப் பார்த்துச் செய்து தந்த இந்தக் குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது. 1000 அடி ரோலின் ஓர் ஓரத்தில் சுமார் 64,000 துளைகள். அத்தனைக்கும் சேர்த்தால் நெகட்டிவ் ஏறக்குறைய 64 செ.மீ. குட்டை.

நெகட்டிவ் டப்பாவில் 1866 என்றும் பாசிட்டிவ் டப்பாவில் 1870 என்றும் அச்சிட்டிருப்பது இதே இடைவெளியைத்தான், அங்குலக் கணக்கில்: 0.1866, 0.1870.